கிதார் நின்ற நேரம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஊர் கரிக்கலாம்பாக்கம். நெல் வயலை மனை போட்டு விற்ற இடத்தில் எங்கள் வீடு. ஒரு பக்கம் இன்னும் வயல்; மறுபக்கம் ஒரு மதில், அதற்கு அப்பால் இந்தக் கதைக்குக் காரணமான மனிதர்.

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனுவை எங்கே கொடுக்க வேண்டும், எத்தனை நகல், யாரிடம் ஒப்புகை வாங்க வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுக்குப் பிறகு இந்த அறிவை யார்மீது பிரயோகிப்பது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து மனைக்காரர் குடி வந்தார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இளமையில் ஜப்பானில் ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இப்போது வீட்டிலிருந்தபடியே கணினி வேலை. மனைவி தவளக்குப்பம் பக்கம் பள்ளி ஆசிரியை. காலை எட்டரைக்குப் போனால் மாலைதான் வருவார். அம்மா கிளம்பிய பிறகு ஐயாவின் கச்சேரி தொடங்கும். ஜப்பானிய ராக் பாட்டுகள். ஒலிபெருக்கியில் பாட்டை ஓடவிட்டு, கூடவே இவரும் மின்சாரக் கிதார் வாசிப்பார். ஒரே பாட்டு கைக்கு வரும்வரை திரும்பத் திரும்ப ஓடும். அன்றைக்கு அவருக்கும் விடுதலை இல்லை, எனக்கும் இல்லை.

ஒரு நாள் கேட்டே விட்டேன். மனிதர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"எல்லாம் ரெண்டாயிரத்து மூணு, நாலுல வந்த பாட்டு சார். அப்ப அங்க ஹாஸ்டல்ல தனியா இருந்தேன். பாஷை தெரியாது. இந்தப் பாட்டுங்கதான் எனக்குப் பேச்சுத்துணை."

"ஹெட்போன்னு ஒண்ணு அந்த ஊர்ல கண்டுபிடிக்கலையா?"

சிரித்தார். "இருக்கு சார். ஆனா இது காதுல கேக்குற பாட்டு இல்ல, நெஞ்சுல இடிக்கணும்."

எனக்கு நெஞ்சில் அல்ல, மண்டையில் இடித்தது. குடியிருப்புப் பகுதியில் பகல் நேரத்துக்கு ஐம்பத்தைந்து டெசிபல்தான் வரம்பு. என் பழைய அலுவலகத்திலேயே மூன்று நகல்களோடு மனு கொடுத்தேன். நாள், நேரம் குறித்த ஆதாரம் வேண்டும் என்றார்கள். எனக்கா தெரியாது ஆதாரம் சேர்க்க! கோடு போட்ட தாளில் கட்டம் கட்டி, பாட்டு தொடங்கிய நேரம், கிதார் தொடங்கிய நேரம், நின்ற நேரம், குறிப்பு என்று நாள்தோறும் எழுதிவந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி பாகூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஒன்பது ஐம்பதுக்குப் பாட்டு தொடங்கியது. ஒரு மாதமாக ஓடும் பாட்டுதான், எனக்கே மனப்பாடம். முதலில் ஒற்றைக் கிதார். அதன்மேல் கடிதம் படிப்பதுபோல் அடங்கிய குரல். பிறகு டிரம்ஸ் புகுந்து எல்லோரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். கடைசிக் கத்தலுக்கு முன் எல்லா வாத்தியமும் ஒரேயடியாக நின்றுவிடும். இரண்டு வினாடி மௌனம். பாடகன் மூச்சை இழுப்பது மட்டும் கேட்கும். பிறகு எல்லாம் சேர்ந்து தலையில் விழும். நம்மவர் அந்த இடத்தில் ஒருநாளும் சரியாக நுழைந்ததில்லை. ஒன்று முந்துவார், அல்லது பிந்துவார்.

பத்து நாற்பதுக்குக் கிதார் நின்றது. குறித்துக்கொண்டேன். பாட்டு மட்டும் நிற்கவில்லை. முடிந்தது, மறுபடி தொடங்கியது. நான்கு நிமிடத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே போனேன். பதினொன்றரை மணிக்கு எனக்குக் கோபம் தலைக்கேறியது. மனு விஷயம் தெரிந்து வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன்.

மதிலோரம் போய் நின்றேன். சரியாக அந்த இரண்டு வினாடி மௌனம் வந்தது. அதில் ஏதோ ஒரு சத்தம். மனிதக் குரல்தான், ஆனால் வார்த்தை இல்லை. ஈரத் துணிக்குள்ளிருந்து முனகுவது போல. உடனே பாட்டு வந்து மூடிவிட்டது.

கூப்பிட்டேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்த மௌனத்துக்கு நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். மறுபடி மௌனம். மறுபடி அதே முனகல். மூன்றாவது முறை மௌனம் வந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

வாசலுக்கு ஓடினேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. அவருடைய மனை எண் தெரியும், சர்வே எண் தெரியும். அலைபேசி எண் தெரியாது. மதில் ஏறலாமா? அனுமதியின்றி அடுத்தவர் வீட்டில் நுழைவது குற்றம். உள்ளே அவர் இறந்து கிடந்தால்? முதலில் விசாரிக்கப்படுபவன் அவர்மீது மனு கொடுத்தவன்தான். என் கையெழுத்தில் மூன்று நகல் இருக்கிறது. இத்தனையும் யோசித்தபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அதை மட்டும் நான் குறித்துவைக்கவில்லை.

வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், தண்ணீர் கேட்டு என் வீட்டுப் பக்கம் வந்தார்.

"இன்னா சார், இன்னிக்குப் பாட்டுக்கு லீவே இல்லியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப போய்ப் பாரு சார்!"

"பூட்டியிருக்கும்மா. போலீசுக்குச் சொல்லி, அவங்க முன்னால..."

"போலீசு வர்றதுக்குள்ள நாங்க களையே எடுத்து முடிச்சிடுவோம். மனு எழுதத் தெரியுது, செவுரு ஏறத் தெரியலியா? நவுரு."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக் காலோடு ஏறி உள்ளே குதித்தார். சிறிது நேரத்தில் அவர் கத்தியது பாட்டையும் மீறிக் கேட்டது.

"சார்! ஆளு கீழ கெடக்குறாரு! கண்ணு தொறந்தே இருக்கு!"

அறுபத்தாறு வயதில் நான் எப்படி மதில் ஏறினேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அறையில் ஒருக்களித்துக் கிடந்தார். கிதார் வார் தோளிலேயே மாட்டியிருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண்கள் என்னையே பார்த்தன. ஏதோ சொல்ல உதடு அசைந்தது; தலைக்கு மேல் அந்தப் பாட்டுக் கும்பல் கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண்தான் வயரைப் பிடுங்கினார். திடீரென்று வந்த அமைதியில் கிடந்தவருடைய மூச்சு கரகரவென்று கேட்டது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தோம். வயல் பெண்கள் நால்வர் தூக்கி என் காரில் படுக்க வைத்தார்கள். முதலில் மதில் ஏறிய பெண் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய விரலையே அவருடைய அலைபேசியில் அழுத்தித் திறந்து, மனைவிக்குத் தகவல் சொன்னவரும் அந்தப் பெண்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததோடு சரி.

பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து. அவர் மனைவியும் வந்துவிட்டார். ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த மருத்துவர், மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார். அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் பக்கவாதம் தாக்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

"கடைசியா நல்லா இருந்ததை யார் பார்த்தீங்க?"

"நான் எட்டரைக்குக் கிளம்பறப்ப நல்லாத்தான் இருந்தாரு," என்றார் மனைவி.

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரையிலிருந்து கணக்கிட்டால் நேரம் தாண்டிவிட்டது. ஊசி ஆபத்து என்றார்.

"பத்து நாற்பது," என்றேன். "பத்து நாற்பது வரைக்கும் கிதார் வாசிச்சார்."

"உறுதியா தெரியுமா?"

நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டிருந்த தாளை எடுத்து நீட்டினேன். பொழுதுக்கும் அதைக் கையில் வைத்திருந்த பழக்கம். மருத்துவர் நேரங்களை வரிசையாகப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், உள்ளே ஓடினார். போகிற வேகத்தில் தாளைப் பக்கத்து மனைக்காரரின் மனைவி கையில் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மா அதை மேலிருந்து கீழ்வரை படித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'கிதார் நின்றது 10.40' என்ற வரிக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில் 'நிம்மதி' என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, அவர் கணவர் தரையில் கிடந்தபோது, பதினொன்றரை மணி வரைக்கும், நான்கு நிமிடத்துக்கு ஒன்றாகக் கோடுகள். தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொண்டார். பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது, நடக்கிறார். வலது கைக்குக் கிதார் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பாட்டு ஓடுகிறது, கைகள் மடியில் கிடக்கின்றன. மனுவைத் திரும்பப் பெறத் தனிப் படிவம் கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கினேன்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் மனைவி, "சார் டைம் எழுதி வச்சிருந்தாரு, அதான் இவரு பொழைச்சாரு" என்று சொல்கிறார். பல நேரம் நானும் அருகில் இருப்பேன். அந்தத் தாளை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த வாக்கியத்தில் மீதியையும் சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே நிற்கிறேன். மூன்று ஆண்டுகளாக அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. ஒருவருடைய குற்றத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு இப்படி வாய் மூடி மன்னிக்க முடியும் என்பதை, நான் கரைத்துக் குடித்த எந்த விதிப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.