தன் சோதனையை முதலில் சந்தேகித்தவர்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலிருந்து பரிமளாவின் தங்கை போன் செய்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். "அக்கா காலையில தவறிட்டாங்க" என்றார். நெடுநாள் நோய்தான். இருந்தும் அன்று கையில் வேலை ஓடவில்லை.

ஆய்வுக்கூடத்தில் அவரோடு பழகிய உங்களுக்கு அவருடைய கறார் தெரியும். அந்தக் கறாரால் ஒரு குடும்பம் தப்பியது பலருக்குத் தெரியாது.

தலசீமியா என்ற ரத்த நோய்க்கு, மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும் சோதனையைச் சென்னையில் நாங்கள் இருவரும் உருவாக்கிக்கொண்டிருந்தோம். நடைமுறைக்குக் கொண்டுவருமுன், நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களில் அதைச் சரிபார்த்தோம். திருவண்ணாமலை பஸ் கண்டக்டர் ஒருவரின் குடும்பத்தில் மட்டும் முடிவு பொருந்தவில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் கோளாறு வந்தால்தான் குழந்தைக்கு அந்த நோய் வரும். எங்கள் சோதனையோ தகப்பனிடம் கோளாறே இல்லை என்றது.

"அப்படின்னா குழந்தைக்கு அப்பா வேற யாராவது இருக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பதை எழுதக் கூசுகிறது.

பரிமளா சிரிக்கவில்லை. "அந்தம்மாவைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி நாம செஞ்சதைச் சந்தேகப்படுங்க, ரவி."

மறுநாளே இருவரும் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினோம். கண்டக்டரின் மனைவி மறுபடி கர்ப்பமாக இருந்தார். மூத்தவன் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருந்தான்.

"இதுக்கும் வந்துடுமாங்க?" என்று வயிற்றைத் தொட்டுக் கேட்டார்.

"இன்னும் தெரியலம்மா. தெரியாம எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார் பரிமளா.

மறுபடி ரத்தம் கொடுத்த கண்டக்டர் தயங்கினார். "என் ரத்தத்துல ஏதாச்சும் தப்புங்களா?"

"உங்க மேல தப்பில்லங்க. எங்க சோதனையிலதான் ஏதோ இருக்குது" என்றார் பரிமளா.

ஹீமோகுளோபினை அளக்கும் பழைய முறையில் பார்த்தபோது கண்டக்டரிடமும் கோளாறு இருந்தது. ஒவ்வொருவரிடமும் அந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கும். அவருடைய ஒரு பிரதியில், எங்கள் சோதனை படிக்கத் தொடங்குவதற்காகப் பற்றிக்கொள்ள வேண்டிய இடத்திலேயே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் அந்தப் பிரதியைப் படிக்காமலே விட்டிருந்தோம். கோளாறு அதில்தான் இருந்தது. பரிமளா பற்றும் இடத்தை மாற்றியமைத்து, ஏற்கெனவே முடித்த குடும்பங்களையும் முதலிலிருந்து சோதித்தார். அதன் பிறகே கருவிலிருந்து எடுத்த மாதிரியைத் தொட்டார். நோய் இல்லை. பெண் பிறந்தாள்.

நான் சொன்ன சொல்லை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அஞ்சலி செலுத்தப் போனபோது கண்டக்டரின் மனைவி வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, "நீங்களும் அன்னிக்கு அவங்களோட வந்தீங்களே" என்று கும்பிட்டார். பதில் கும்பிடு போட என் கை எழவில்லை.

பரிமளாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வெட்கம்தான். எந்த அறிக்கையில் கையெழுத்திடும்போதும் ஒரு கணம் அது என்னை நிறுத்துகிறது. அது என்னை விட்டுப் போகாமல் இருக்கட்டும்.