பாக்கியம் அக்கா மறுத்த பிளேன்டீ

பட்டிப்பொல ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தபோதுதான் கைபேசி அடித்தது. நம் பல்கலைக்கழக வளாகத்தின் துப்புரவுப் பிரிவில் வேலை செய்யும் சரசு பேசினார். "சார், பாக்கியம் அக்கா காலையில போயிருச்சுங்க. ஆஸ்பத்திரியிலேயே." சிறுநீரகம் என்றார்கள். அதற்கும் நான் கீழே எழுதப்போவதற்கும் முடிச்சுப் போட நான் வைத்தியன் அல்ல. போடாமலிருக்கவும் முடியவில்லை.

பாக்கியம் அக்காவை இங்கே வேலை செய்யும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாம் வருவதற்கு முன்பே விரிவுரை மண்டபங்களைக் கூட்டி முடித்திருப்பார். எந்தக் குடை யாருடையது என்று நம்மைவிட அவருக்குத்தான் தெரியும். ஒருநாள் நான் எடுத்துக்கொண்டு கிளம்பிய கறுப்புக் குடையைக் கண்டு, "இது ஒங்களோடது இல்லிங்க சார், ஒங்களோடதுல ஒரு கம்பி வளைஞ்சிருக்கும்" என்று திருப்பி வாங்கிக்கொண்டவர்.

அவர் தேநீர் குடிக்கமாட்டார் என்பதும் உங்களுக்குத் தெரியும். குளிரில் கை விறைத்துப்போய் நிற்பார். நாம் பால் விடாத பிளேன்டீயை நீட்டினால், "வேணாங்க சார், வீட்டுக்குப் போயி குடிச்சிக்கிறேன்" என்பார். தேயிலை மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் பிளேன்டீ வேண்டாம் என்பதா என்று நான் கேலி செய்திருக்கிறேன். சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

வளாகத்தின் கட்டடங்களிலும் நிலத்திலும் முதலில் எதைச் செய்யவேண்டும் என்று ஊழியர்களிடம் கேட்டோமே, அந்தக் குழுவுக்கு நான்தான் செயலாளர். ஆளுக்கு மூன்று விருப்பம். நாம் கணினியில் நிரப்பினோம். நுழைவாயிலுக்கு வளைவு, வாகனத் தரிப்பிடத்துக்குக் கூரை, புல்தரையில் இருக்கைகள். துப்புரவுப் பிரிவினருக்கு அந்த வசதி இல்லாததால் தாளோடு நானே போனேன். காலையில் துடைப்பம் வைக்கும் கொட்டகை முன்னால், தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்பது போல வரிசையாக நின்றார்கள். பாக்கியம் அக்காதான் முதலில் கேட்டார்.

"எழுதிக்கிறீங்களா சார்? எங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணுங்க."

மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இங்க இருக்கிற கக்கூஸ் எல்லாத்தையும் நாங்கதான் கழுவுறோம். போறதுக்கு எங்களுக்கு ஒண்ணு இல்லிங்க. ஸ்டாஃப் கக்கூஸ் சாவி ஆபீசுல இருக்கு. படிக்கிற புள்ளைங்களோடதுக்குப் போனா ஒரு மாதிரி பாக்குறாங்க. அதான் தண்ணி, தேத்தண்ணி ஒண்ணும் குடிக்கிறதில்ல. வீட்டுக்குப் போயிதான்."

"மத்த ரெண்டு விருப்பம் என்னக்கா?" என்று கேட்டேன்.

"அதேதாங்க சார். மூணுலயும் அதையே எழுதுங்க."

எழுதினேன். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மலைக்குப் போகிற நாளில் அவரும் தண்ணீர் குடிக்கமாட்டார். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பியதும் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் பின்பக்கம் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அறிக்கையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது எனக்குக் கூசியது. அந்தக் குழுவில் லயத்திலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். அந்த மேசையில் இந்தப் பேச்சை நான் எடுத்தால், அவர்கள் கண்ணுக்கு மறுபடியும் லயத்துப் பையனாகத்தான் தெரிவேன் என்று பயந்தேன். 'துப்புரவுப் பிரிவினருக்கான வசதிகளை மேம்படுத்தல்' என்று எழுதி, பட்டியலின் கடைசியில் போட்டேன். "என்ன வசதி?" என்று தலைவர் கேட்டார். "பொதுவாத்தான் சார்" என்றேன். அடுத்த விடயத்துக்குப் போய்விட்டோம்.

சில நாள் கழித்து நடைபாதையில் அக்கா மறித்தார். "நம்ம விசயத்தப் போட்டீங்களா சார்?"

"போட்டிருக்கேன் அக்கா. முதல்லயே இருக்கு."

இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல எனக்கு வரும் என்று அதுவரை தெரியாது. நுழைவாயில் வளைவு எழும்பியது. திறப்புவிழா அன்று காலையில் அதன் அடியில் கூட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டு நிமிர்ந்தார். "நல்லா இருக்குங்க சார். அடுத்தது நம்மளோடதுதானுங்களே." தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் நிற்கும் பக்கம் போகாமல் நூலகத்தைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டேன்.

செத்த வீட்டில் சரசு எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்து தந்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம், "சார்தான் எங்களுக்காக மொதல்ல எழுதிப் போட்டவரு. அக்கா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றார். அக்காவின் கணவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

நம் இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "ஒரு கோப்பை தேநீர்கூட யாரிடமும் வாங்கிக் குடிக்காத தன்மானம் கொண்டவர்" என்று பேசினார். எல்லோரும் தலையசைத்தீர்கள். நானும் அசைத்தேன். அன்றைக்கு வாய் திறக்காததற்குத்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். அது தன்மானம் அல்ல. நாம் அவருக்குக் கட்டிக்கொடுக்காத ஒரு சின்ன அறை. பட்டியலிலிருந்து அதை மறைத்தது வேறு யாருமல்ல, நான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே வாசிக்கப்போகிறேன். சரசுவிடமும் மற்றவர்களிடமும் உண்மையைப் போய்ச் சொல்லத்தான் இன்னும் கால் வரவில்லை. இதைப் படித்து யாராவது சொல்லிவிட்டால், அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். மூன்று வரி, மூன்றிலும் ஒரே விருப்பம். அடியில் 'கேட்டு எழுதியவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.