பிரபுவின் கடிதங்களும் எங்கள் வீட்டு நண்டும்

சில வருஷங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதம், டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் நடந்தது இது. அங்கே ஒரு சின்ன ஆவணக் காப்பகத்தில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். பழைய கடிதங்களை ஸ்கான் பண்ணிக் கணினியில் ஏற்றுவதுதான் என் வேலை.

அந்த நேரம் என் மேசைக்கு வந்திருந்தவர் ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபு. செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. மாளிகையும் நிலபுலமும் இருந்தும் மனிதருக்குப் பழம்பொருள் பைத்தியம். புதைமேட்டு வாள், உடைந்த சட்டி, எழுத்து வெட்டிய கல் என்று எதையும் விடமாட்டார். அதே காலத்தில் ரண்டர்ஸ் பக்கத்தில் இருந்த பாதிரியார் ஒருவருக்கும் அதே பைத்தியம். இருவரும் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. பிரபு எழுதியவை எங்களிடம் இருந்தன. கால்வலி, மழை, வேலைக்காரர்களின் சோம்பல் என்று ஒரே முறைப்பாடு. முடிக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி: தன்னிடம் இருக்கும் பாதி வெள்ளிப் பதக்கத்தின் மற்றப் பாதி உங்கள் மண்ணில் அகப்பட்டதா? தலைக்கனம் பிடித்த ஆள்தான். ஆனாலும் தினமும் படித்துப் படித்து எங்கள் வீட்டு ஆள் போலாகிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. எங்கள் நிலவறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அடித்தட்டில் இருந்தது பிரபுவின் பெட்டி. அதில் பாதிக்கு மேல் நான் இன்னும் ஸ்கான் பண்ணாதவை. போனால் போனதுதான், வேறு பிரதி கிடையாது.

எங்கள் பொறுப்பாளர் ஒரு டெனிஷ் பெண்மணி. நனைந்த கடிதங்களைக் கண்டதும், "இப்போதே உறையவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் தின்றுவிடும்" என்றார். நனைந்த காகிதத்தை முதலில் ஃப்ரீசரில் போட்டு, பிறகுதான் அதற்கென்று உள்ள இயந்திரத்தில் காயவைப்பார்களாம். ஆனால் ஊரே வெள்ளத்தில். வழக்கமாக உதவும் குளிர்களஞ்சியத்தில் இடமில்லை, மற்ற இடங்களில் கோடை விடுமுறை. அவர் வீட்டிலோ ஐஸ்கிரீம் வைக்க மட்டும் காணும் ஒரு சின்னப் பெட்டி. அவர் படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

"என் வீட்டில் பெரிய ஃப்ரீசர் இருக்கிறது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

ஆள் படுக்கும் அளவு ஃப்ரீசர் இல்லாத எங்கள் தமிழ் ஆட்களின் வீடு இங்கே அபூர்வம். ஆனால் எங்களுடையது அன்று மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது. அடுத்த கிழமை கனடாவிலிருந்து கணவரின் அண்ணன் குடும்பம் வருவதாக இருந்தது. பாரை, இறால், நண்டு, ஆட்டிறைச்சி என்று எல்லாம் உள்ளே.

கணவர் என்னையும், வாசலில் ஈரப் பெட்டியோடு நின்ற பொறுப்பாளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நண்டை எறிஞ்சுபோட்டு வெள்ளைக்காரன்ர கடுதாசியை வைக்கப்போறீரோ?"

"எறியச் சொல்லேல்லை. எங்கையாவது குடுத்து வைப்பம்."

"ஆரிட்டை? எங்கட சனமெல்லாம் தேருக்குப் போட்டுது."

உண்மைதான். கோயில் திருவிழா. தெரிந்த ஒரு வீட்டிலும் ஆளில்லை. மிஞ்சியது பக்கத்து வீட்டு டெனிஷ்காரர்.

அவரிடம் போக எனக்குக் கால் வரவில்லை. நாங்கள் குடிவந்த புதிதில், மீன் பொரிக்கும் வாசம் தன் படுக்கையறைவரை வருகிறது என்று சொன்னவர் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து ஜன்னலைப் பூட்டிவிட்டுத்தான் சமையல். கண்டால் ஒரு 'ஹாய்', அவ்வளவுதான். அப்படிப்பட்டவரிடமே மீனைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லிக் கேட்பதா? வெட்கமாக இருந்தது. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போய் மணியை அடித்தேன்.

நான் பிரபு, பாதிரியார், வெள்ளம், நண்டு என்று உளறியதை அவர் முகம் மாறாமல் கேட்டார். பிறகு தன் கராஜைத் திறந்து காட்டினார். அங்கே எங்களுடையதைவிடப் பெரிய ஃப்ரீசர், முக்கால்வாசி வெறுமை. "மனைவி இருந்தபோது நிறைந்திருந்தது" என்றார். அவர் மனைவி இறந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். பேச்சை வளர்க்காமல் கைவண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கணவரோடு சேர்ந்து மீனை ஏற்றினார். நானும் பொறுப்பாளரும் கடிதங்களைச் சின்னச் சின்னக் கட்டாகப் பிளாஸ்டிக்கில் சுற்றி அடுக்கினோம்.

கனடாக்காரர் வருவதற்குள் கடிதங்கள் காயவைக்கப் போய்விட்டன, அவர்கள் வந்த அன்று மீன் திரும்பி வந்தது. நண்டுப் பொதி ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அதை எப்படிச் சமைப்பது என்று கேட்டார். வீட்டுக்குக் கூப்பிட்டு நாங்களே சமைத்துக் கொடுத்தோம். மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டார். அன்று ஜன்னலைப் பூட்டவில்லை.

கடிதங்கள் காய்ந்து வந்தபோது சில வரிகள் அழிந்திருந்தன, மற்றதெல்லாம் வாசிக்க முடிந்தது. கடைசிக் கடிதத்திலும் பிரபு பதக்கத்தைத்தான் விசாரித்திருந்தார். அது கிடைத்ததாக எங்கும் இல்லை.

இப்போதும் வேலியடியில் கண்டால், "உங்கள் பிரபு சுகமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். முகம் தெரியாத ஒருவருக்குக் கடல் தாண்டித் தன் கால்வலியைக்கூட எழுதிக்கொண்டிருந்த மனிதரின் கடிதங்களைக் காப்பாற்றப் போய்த்தான், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மனைவி இறந்தது தெரியாமல் நான் ஜன்னலைப் பூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவந்தது.