மடை அடைக்கும் ஞானசுந்தரி

எங்காவது மடை வழியாகத் தண்ணீர் வழிந்தால், வயல் யாருடையது என்று ஞானசுந்தரி கேட்பதில்லை. இரண்டு கை சேற்றை அள்ளி அப்பிவிட்டுத்தான் நகர்வார். "நேத்துதானடா உரம் போட்ட? ஆத்துக்கா போட்ட?" என்ற குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். வயது ஐம்பத்திரண்டு. உறுவையாறு என்ற அந்த ஊரில், தேவாலய ஞாயிறு பூசைக்குக்கூடக் கால் சேறு காயாமல் வருபவர்.

இந்தப் பழக்கம் வருவதற்கு முன், 1976 கோடையில் சங்கராபரணி ஆற்று மடு பச்சைக் கூழாகத் திரண்டது. மாடுகள் வாய் வைக்கவில்லை. ஒரு காலையில் கெண்டையும் கெளுத்தியும் செத்து மிதந்தன. மீன் விற்றுப் பிழைத்த அமுதம், வெறுங்கூடையோடு கரையில் உட்கார்ந்து அழுதாள். ஊரே சுப்பராயலுவின் அரிசி மில்லைத் திட்டியது. நெல் ஊறிய தண்ணீர் வாய்க்காலில் நாறிக்கொண்டு ஓடியது உண்மைதான்.

ஞானசுந்தரியும் திட்டினார். பிறகு வாய்க்காலை அதன் தலையிலிருந்து ஆறுவரை நடந்து பார்த்தார். மில் தண்ணீர் வந்து சேருமிடத்துக்கு மேலேயே, அவருடைய சொந்த மடைக்குக் கீழே, பாசி தடித்துக் கிடந்தது. நின்ற தண்ணீரில் சூப்பர் பாஸ்பேட்டை இறைத்து, மறுநாளே வடித்துவிடுவது அவர் வழக்கம்.

"பயிருக்குப் போட வேண்டிய சோத்தப் பாசிக்குப் போட்டவ நான்தாம்பா" என்று, பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தின் நடுவில் நின்று சொன்னார்.

அடுத்த போகத்தில் அரை மூட்டை குறைத்து, உரத்தைக் கடைசி உழவிலேயே சேற்றோடு கலந்தார். மடையை ஒரு வாரம் திறக்கவில்லை. "இன்னா கிறுக்கு இது!" என்று சிரித்தார்கள். அறுவடையில் நெல் ஒரு மரக்கால்கூடக் குறையவில்லை. மறுபோகம் பதினோரு வயல்களில் மடை அடைபட்டது.

பிறகு மில்லுக்குப் போனார்.

"அந்தத் தண்ணிய ஆத்துல வுடாத சுப்பராயலு. என் வாழைக்கு வுடு."

"நாறுமேக்கா!"

"வாழைக்கு மூக்கு கீதா இன்னா?"

கால்வாய் வெட்ட மண்வெட்டியையும் அவரே தூக்கினார். வாழை குலை தள்ளியபோது முட்டுக்கொடுக்க மூங்கில் போதவில்லை.

மூன்றாம் ஆண்டு மடுவின் அடிமணல் தெரிந்தது. அமுதத்தின் கூடையில் கெளுத்தி துள்ள, ஊரே கரைக்கு ஓடி வந்தது. சலவைச் சட்டையோடு வந்த சுப்பராயலு குனிந்து பார்த்து, "குளிக்கலாம் போலக்கீதேக்கா?" என்றார்.

ஞானசுந்தரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு ஆழத்தில் இறங்கினார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, அந்த வெள்ளைச் சட்டைமேல் வீசினார்.