போட்டோவுக்கு ஒரு உளி

முதலாளி என் கையில் உளியைத் திணித்தார். அதற்கு முன்பே கம்ப்யூட்டர் டிராயிங்படி தானே மரம் குடையும் சிஎன்சி மெஷினைத் தார்ப்பாயால் மூடியாயிற்று. ஆர்டர் கொடுக்க வந்தவர் கண்ணில் அது படக்கூடாதாம். என்ன குற்றம் செய்ததோ, பாவம்.

இரண்டாயிரங்களின் நடுவில், ஓரிக்கைப் பக்கம் ஒரு கதவுப் பட்டறையில் ஆபரேட்டராக இருந்தேன். கதவுக்குப் போக மிஞ்சும் தேக்குத் துண்டுகளில் குச்சி ஆட்டப் பலகை செய்யலாம் என்றது நான்தான். பலகைத் துளைகளில் நிற்கும் குச்சிகளில் ஒன்றால் இன்னொன்றைத் தாண்டி, தாண்டியதை எடுத்துவிட வேண்டும். கடைசியில் ஒன்றே மிஞ்ச வேண்டும். துளை இறுகினால் குச்சி வராது, தளர்ந்தால் சாயும். டிராயிங் போட்டு, துளையிடும் பிட்டை மாற்றி மாற்றி, பல பலகைகளை வீணாக்கித்தான் அந்த அளவைப் பிடித்தேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு.

வந்தவர் சென்னையில் பரிசுப்பொருள் கடை வைத்திருந்தார். பெரிய ஆர்டர். பெட்டிமேல் ‘கையால் செதுக்கியது’ என்று அச்சடித்து, செதுக்குகிற பெண்ணின் படமும் போடுவாராம்.

“இத்த புடிச்சிக்கினு குனிஞ்சி உக்காரும்மா செல்வி. ஒரு போட்டோதானே?” என்றார் முதலாளி, வாசலில் கேமராவோடு நின்றவர் காதில் விழாமல்.

“எங்க வீட்ல தறி ஓடுது சார். பவர்லூம் பொடவைய கைத்தறின்னு விக்கிறவன எங்கப்பா தெருவுல நிறுத்தி கேப்பாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வீட்டுக்குப் போறது?”

“பொடவை வேற, வெளையாட்டு சாமான் வேற. ஆர்டர் போச்சுன்னா உன் வேலையும் போச்சு, பாத்துக்க.”

பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. உளியைக் கீழே வைத்தேன். தார்ப்பாயை இழுத்தெறிந்து, பலகையை கிளாம்ப் போட்டு இறுக்கி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் இறங்கித் துளை போட ஆரம்பித்தது.

“இப்ப எடுங்க சார் போட்டோ,” என்றேன் சென்னைக்காரரிடம். “இதான் நான் செய்யற வேலை.”

அவர் கேமராவை உறையில் போட்டுக்கொண்டார். ஆர்டர் போயிற்று, வேலையும் போயிற்று. “ஒரு போட்டோதானேடி!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்து வாலாஜாபாத்தில் ஒரு பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். என் பலகை ஒன்றை மேசைமேல் வைத்தேன்.

“கையால செஞ்சியாம்மா?” என்றார் அங்கிருந்த முதலாளி.

“இல்ல சார். மெஷின்ல. டிராயிங் என்னுது.”

அவர் ஒரு குச்சியை எடுத்தார், திரும்பச் செருகினார். “எந்த மெஷின்ல?” என்று கேட்டார். வேலை கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மெஷின் ஓட்ட வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: செய்த வேலையைச் செய்த விதத்தோடு சொல்லுங்கள். கேட்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அது அவர் முகம்.