அளவெடுத்துத் தைத்த கர்னல்

அண்ணாமலையை அண்ணன் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள், சந்திரகலா தன் கம்ப்யூட்டருக்குப் புதுக் கர்னலே செய்து முடித்துவிட்டாள். கோயில் நந்தி எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. சரி, நந்தி வந்தது மட்டும் மிகை. மற்றதெல்லாம் சத்தியம்.

இரண்டாயிரமாவது வருஷம். தேரடித் தெருவில் அவளுடைய பிரௌசிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். அந்த லைனை மற்ற இரண்டுக்கும் பகிர வேண்டியது பழைய 486 மெஷின். பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினாள். ஆமையாய் ஊர்ந்தது, நெட்வொர்க் கார்டு இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

“தூக்கிப் போடுங்க மேடம், புதுசு வாங்கிடலாம்” என்றார் அதை விற்றவர்.

“வித்தவரு நீங்க. குறையும் நீங்களே சொல்றீங்களா?”

கடை இடம் அண்ணன் அருணகிரியுடையது. மறுநாள் பௌர்ணமி. விடியற்காலையில் கிரிவலம் கிளம்பியவர் வாசலில் நின்றார்.

“ஒரு சுத்து போயிட்டு வரேன் கலா. அதுக்குள்ள ஓடலன்னா, நாளைக்கு இங்க செருப்பு ஸ்டாண்டு.”

“போட்டுத்தான் பாருங்கண்ணா. முதல்ல உங்க செருப்பத்தான் தெருவுல வீசுவேன்.”

மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, சில்லுகளின் எண்களை நோட்டில் எழுதினாள். பில்லில் கார்டின் பெயர் ஒன்று, சில்லில் வேறொன்று. சில்லை நம்பினாள். கர்னல் என்பது இரும்புக்கும் புரோகிராமுக்கும் நடுவே நிற்கும் மேஸ்திரி. சிடியில் வந்தது உலகத்து மெஷின்களுக்கெல்லாம் சேர்த்துத் தைத்த தொளதொள சட்டை. இவள் தன் மெஷினுக்கு மட்டும் அளவெடுத்தாள். ஒவ்வொரு கருவியும் வேண்டுமா என்று திரை கேட்டது. சவுண்டு கார்டு? வேண்டாம். ஸ்கேனர்? வேண்டாம். இல்லாத சாமானுக்கெல்லாம் வேண்டாம், வேண்டாம் என்று தட்டிக்கொண்டே போனாள். பிறகு மெஷின் தானே கர்னலைக் கட்டத் தொடங்கியது.

அண்ணன் திரும்பி வந்தபோது மூன்று கம்ப்யூட்டரும் ஒரே லைனில் ஓடின. செருப்பு ஸ்டாண்டு எதிர்க்கடைக்குப் போனது.

நான் இந்தக் கதையைச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அருணகிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒரு சுத்தா? ரெண்டு சுத்து! வேண்டாம் வேண்டாம்னு தட்டிக்கினே போனவ ஹார்ட் டிஸ்க்குக்கும் வேண்டாம்னு தட்டிட்டா. நான் வந்து பார்த்தா திரை கறுப்பா நிக்குது. ‘எந்தக் கால்ல நடந்தீங்க, இவ்ளோ சீக்கிரம்? இன்னொரு சுத்து போயிட்டு வாங்க’ன்னு வெரட்டினா. வெயில்ல, வெறுங்காலோட, போனேன்!”