அத்தானின் பூச்சிப்பொறி

அந்த வாளியை முதலில் உதைத்தவன் நான். இருபது லிட்டர் பெயின்ட் வாளி. வாயில் தகரப் புனல், புனலுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக நிறுத்திய பிளாஸ்டிக் தகடுகள், நடுவில் நீல விளக்கு. வாளிக்குள் பூச்சிகள் ஒண்டிக்கொள்ள நாலு முட்டைத் தட்டுகள். என் உதையில் வாளி கவிழ்ந்து தட்டுகள் மணலில் சிதறின. அவற்றின் குழிகளில் கிடந்த அந்துப்பூச்சிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் கிளம்பி எங்கள் டார்ச் வெளிச்சத்தில் வந்து மோதின. முகத்தில் விழுந்ததைத் தட்டிவிட்டபடி ஒருவன் சிரித்தான். அதற்குப் பிறகுதான் அத்தானைச் சரியாக அடிக்க ஆரம்பித்தார்கள். அவருடைய கண் என் கையால் போகவில்லை. துடுப்பு வைத்திருந்தவன் வேறொருவன். இந்த ஒரு நியாயத்தைச் சொல்லிக்கொண்டே பல வருடங்கள் தூங்கியிருக்கிறேன். இப்போதெல்லாம் அதைச் சொன்னாலும் தூக்கம் வருவதில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நாசரேத் பக்கத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். அவர் புராட்டஸ்டன்ட் சபை, நாங்கள் கத்தோலிக்கக் கோயில். இரண்டு வீட்டிலும் சண்டை போட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு, தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலேயே வீடு எடுத்துத் தங்கினார். ஊளி மீனுக்கும் பாறை மீனுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். மீன் வாங்க அனுப்பினால் ஏலக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் சுவரில் ஒரு பூச்சி உட்கார்ந்துவிட்டால் போதும், பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பமாட்டார். கல்யாணத்தன்று போட்டோவுக்கு நிற்கச் சொன்னபோது மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினோம். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

எனக்குப் படகுகளில் வயரிங் வேலை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தேன். எங்கள் ஊரின் வள்ளங்களுக்கு, அதாவது சிறு நாட்டுப்படகுகளுக்கு, பேட்டரி மாட்டிக் கொடுத்தேன், விசைப்படகுகளுக்கு ஜெனரேட்டர் பார்த்தேன். அதில் மறைவாகச் செய்த வேலை ஒன்றும் இருந்தது. கடலுக்குள் பெரிய நீல விளக்கை இறக்கி, வெளிச்சத்துக்கு வந்து கூடும் மீனைக் குஞ்சு குளுவானோடு வளைத்து அள்ளுகிற விசைப்படகுகளுக்கு விளக்கு கட்டிக் கொடுப்பது. அவற்றை லைட் போட்டு என்போம். அரசாங்கம் தடை செய்த தொழில் அது. அரசாங்கத்தை விட்டுத் தள்ளுங்கள், எங்கள் ஊரில் அந்தப் பேச்சை எடுத்தாலே காறித் துப்புவார்கள். வள்ளக்காரன் வலையில் ஒன்றும் படாமல் போனதற்கு அந்தப் படகுகள்தான் காரணம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். என் சொந்த சித்தப்பா மீன் படாமல் வெறும் வலையோடு கரையேறிய நாளில்கூட, என் கொட்டகையில் அந்த நீல விளக்குகள் சாக்குக்குள் கிடந்தன.

அத்தான் ஒரு நாள் அங்கே வந்து நின்றார். பழைய காயலுக்குப் போகிற வழியில் எங்கள் ஊரை ஒட்டி அலையாத்திக் காடு கொஞ்சம் இருக்கிறது. அங்கே இரவில் என்னென்ன அந்துப்பூச்சி வருகிறது என்று யாருமே பார்த்து எழுதவில்லையாம். அதற்கு ஒரு பொறி வேண்டுமாம்.

"சாதா பல்புக்கு நெறைய வராது மாப்ள. நீல வெளிச்சம்னா அள்ளிட்டு வரும். ஒங்கிட்ட ஏதாச்சும் கெடக்கா?"

சாக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவு எளிதாகக் கொடுத்துவிட்டேன். நானே புனலை வெட்டி, தகடுகளைக் கம்பியால் கட்டி, படகு பேட்டரியில் இணைத்துக் காட்டினேன். விளக்கு எரிந்ததும் அவர் கை தட்டினார். "இது எங்கன வாங்குனது?" என்று கேட்டார். "படகு லைட்டு அத்தான். எங்கிட்ட வாங்குனதா யார்ட்டயும் சொல்லாதீங்க, அக்காகிட்டகூட" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மச்சினன் சொன்னால் ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார். விடிந்ததும் பூச்சிகளைப் படம் எடுத்துவிட்டு, ஒன்றைக்கூடக் கொல்லாமல் திரும்பப் பறக்கவிடப் போவதாகச் சொன்னார். நான் சிரித்தேன். பொறி வைத்துப் பிடித்ததைத் திரும்ப விடுகிற ஆளை எங்கள் கடற்கரையில் யாரும் பார்த்ததில்லை.

அந்த மாதம்தான் கடலில் சண்டை நடந்தது. லைட் போட்டு ஒன்று எங்கள் ஊர் வலைகளை அறுத்துக்கொண்டு போயிற்று. தட்டிக்கேட்ட வள்ளத்தின் மேல் கல்லும் பாட்டிலும் எறிந்தார்கள். பிறகு விசைப்படகைக் கொண்டே வள்ளத்தை இடித்தார்கள். கரைக்கு வந்தபோது ஒருவனுக்குத் தாடை இரண்டாகப் பிளந்திருந்தது. இன்னொருவனின் முழங்கை எலும்பு வெளியே தெரிந்தது. தாடை உடைந்தவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். என் சட்டையெல்லாம் அவன் ரத்தம். இடித்த படகின் பேரை அவர்கள் சொன்னார்கள். அதற்கு விளக்கு கட்டியவன் நான்.

அன்று மாலை ஊர்க் கமிட்டி கூடியது. அமாவாசையை ஒட்டிய இருட்டு நாள்களில்தான் லைட் போட்டுக்காரன் வருவான் என்பதால், அந்த இரவுகளில் கரையில் முறை வைத்துக் காவல் இருப்பது என்று முடிவானது. விளக்கைக் கண்டால் கோயில் மணியை அடிக்க வேண்டும், மணி கேட்டால் வீட்டுக்கு ஓர் ஆண் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வர வேண்டும். கமிட்டித் தலைவர் எழுந்து, "நம்ம ஊருக்குள்ள இருந்தே எவனோ அவனுவளுக்கு வேலை செய்யுதான். அவன் மட்டும் கையில கெடச்சான், போலீசுக்கு வேலையில்ல" என்றார். எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன், மற்றவர்களைவிடச் சத்தமாக.

பூச்சி பிடிப்பதற்கும் நிலா இல்லாத இரவுதான் தோது என்பது எனக்குத் தெரியாது. அத்தான் அதைச் சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். கமிட்டி முடிவு அவர் காதிலும் விழுந்திருக்கிறது. கடலில் விளக்குப் போடுகிறவனைப் பற்றிய பேச்சு அது, காட்டுக்குள் பூச்சி பார்ப்பவனுக்கும் அதற்கும் என்ன என்று நினைத்திருக்கிறார். தான் வைத்திருப்பது எந்த விளக்கு என்று அவருக்குத் தெரியாதே.

அந்த இருட்டு நாள்களில் ஓர் இரவு மணி அடித்தது. எழுந்து ஓடும்போதே அலையாத்திக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதே முன்னால் ஓடி விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நான் பின்தங்கினேன். போய்ச் சேர்ந்தபோது அறுபது எழுபது பேர் அவரை வளைத்திருந்தார்கள். சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தத்தோடு நின்றிருந்தார். கூட்டத்தில் எல்லோருக்கும் அந்த விளக்கு எதுவென்று தெரிந்துவிட்டது. "லைட் போட்டு லைட்டுதாம்லே இது! வாத்தியாரே, யாரு குடுத்தா?" என்று ஆளாளுக்கு உலுக்கினார்கள். "பூச்சிக்கு, பூச்சிக்கு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "எங்கள என்ன கிறுக்கனுவன்னு நெனச்சியா?" என்று யாரோ கன்னத்தில் அறைந்தார்கள்.

அப்போது அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை என்னால் சாகும்வரை மறக்கமுடியாது. "இந்தா, மாப்ள வந்துட்டான். அவன்ட்ட கேளுங்க."

எல்லா டார்ச்சும் என் பக்கம் திரும்பின. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரை விட்டுவிடுவார்கள். ஆனால் அவர்களின் அடுத்த கேள்வி, விளக்கு உன்னிடம் எப்படி வந்தது என்பதாக இருக்கும். தாடை உடைந்தவனின் அண்ணன் எனக்கு ஒரு கை தூரத்தில் துடுப்போடு நின்றிருந்தான். நான் போய் வாளியை உதைத்தேன். "எனக்கு என்ன தெரியும்? அவருட்டயே கேளுங்க" என்றேன்.

துடுப்பு முதலில் தோளில் விழுந்தது. அடுத்தது முகத்தில். அவர் கீழே விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. கயிறு, கட்டை, வெறுங்கால் என்று கையில் காலில் அகப்பட்டதெல்லாம் அவர் மேல் இறங்கியது. விலா முறிகிற சத்தம் கேட்டது. நீங்கள் நினைப்பதுபோலப் பெரிய சத்தம் இல்லை அது. நான் சும்மா நிற்பதை யாராவது கவனித்துவிடுவார்களோ என்ற பயத்தில், குனிந்து அவர் முதுகில் இரண்டு குத்து குத்தினேன். பலமாகவே குத்தினேன். பங்குச்சாமியார் ஓடி வந்து அவர் மேல் விழுந்து மறித்திராவிட்டால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்தார். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். விளக்கு எங்கே கிடைத்தது என்று போலீஸ் கேட்டபோது, பழைய இரும்புக் கடையில் வாங்கினேன் என்றார். அடித்தவர்களைக் காட்டச் சொன்னபோது, இருட்டில் யாரையும் தெரியவில்லை என்றார். வழக்கு அதோடு நீர்த்துப் போனது. அக்காவும் அத்தானும் தூத்துக்குடிக்கு மேற்கே திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டைக்குக் குடிபோனார்கள். நான் பண்டிகைக்குப் போவேன், ஞாயிற்றுக்கிழமை மீன் கொண்டுபோய்க் கொடுப்பேன். அக்கா என்னை எப்போதும்போல உட்காரவைத்துச் சோறு போட்டாள். அத்தான் எப்போதும்போல மாப்ள என்றார். லைட் போட்டு வேலையை நான் விட்டுவிட்டேன். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஊர்க் கமிட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் தலைவர் எனக்கு மாலை போட்டு மைக்கில் பேசினார். "சொந்த அத்தான்னுகூடப் பாக்காம அன்னைக்கு ஊரு பக்கம் நின்னவன் இவன்." கூட்டம் கை தட்டியது. அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுபோக என்னால் முடியவில்லை, வழியிலேயே போட்டுவிட்டேன். மறுநாள் காலை புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். ஊருக்கு இந்த எழுத்தின் மூலம் சொல்கிறேன். படித்துவிட்டு என்ன செய்வார்களோ செய்யட்டும். அக்காவுக்கு மட்டும் நேரில் சொல்ல வேண்டியிருந்தது.

அத்தான் வீட்டில் இல்லை. அக்கா குசினிக்குப் பின்னால் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, வாளி, நான் சொன்ன பதில், முதுகில் குத்திய குத்து வரைக்கும். அவள் அரிவாள்மணையை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்து வந்து என் முகத்தில் அடித்தாள். செதில் ஒட்டிய கையாலேயே அடித்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். என் கையைத் தூக்கி மறைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் மூச்சு ஒழுங்காக வந்தது.

அப்புறம் கை ஓய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு நாளு நெனவில்லாமக் கெடந்தாரே, அப்ப என்ன சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு தெரியுமால? 'மாப்ளைய விட்டுருங்க, அவன அடிச்சிராதீங்க'ன்னு. அத மட்டுந்தாம்ல சொன்னாரு. நீ குறுக்க விழுந்து அடி வாங்குனன்னுல்ல நான் நெனச்சேன். இன்னைக்கி வரைக்கும் ஒனக்காண்டி செபமால சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அவள் திரும்ப எழுந்து அடிப்பாள் என்று அங்கேயே நின்றேன். அவள் அடிக்கவில்லை.